முழு எண்ணுக்கு எத்தனை பிட்?

ஒரு கோப்பு வழியில் சிதையாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்க சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுவார்கள். ஜிப் கோப்புகளும் பிஎன்ஜி படங்களும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. 1 முதல் 9 வரையிலான இலக்கங்களை வரிசையாக எழுதி, அந்த ஒன்பது எழுத்துகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் வரவேண்டிய விடை 3421780262. பைத்தான் மொழியின் பழைய 2.x பதிப்புகளில், 2.5 வரைக்கும், இசட்லிப் தொகுதியிடம் இதே கணக்கைக் கொடுத்தால் சில தளங்களில் 3421780262 என்று விடை வந்தது. வேறு சில தளங்களில் -873187034 என்று வந்தது.

இரண்டும் ஒரே 32 பிட்டுகள்தான். முதல் பிட்டை எண்ணின் பகுதியாக எடுத்துக்கொண்டால் ஒரு விடை, கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டால் இன்னொரு விடை. ஆனால் ஓரிடத்தில் கணக்கிட்டுச் சேமித்த எண்ணை வேறிடத்தில் ஒப்பிட்ட நிரலுக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? கோப்பில் ஒரு பைட்கூடக் கெடவில்லை. ஆனாலும் இரண்டு எண்களும் பொருந்தாது. பைத்தான் 2.6 எல்லாத் தளங்களிலும் குறியுள்ள எண்ணே வரும் என்று உறுதி செய்தது. 3.0 இன்னும் ஒரு படி போய், எங்கும் எப்போதும் நேர்ம எண்தான் என்று முடித்துவைத்தது.

ஒரு மொழியைத் திருத்தி அமைக்க உட்காருபவர்கள் இலக்கணத்தையும் தொகுதி அமைப்பையும் பற்றி மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். முழு எண் வகையோ பழைய பதிப்பிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுவதற்கு அதுதான் முதல் காரணமாகிறது. முழு எண்களை மறுவடிவமைக்கும் வேலையை எந்த வரிசையில் செய்வது, முன்னே போனவர்கள் எங்கே நேரத்தையும் உழைப்பையும் கொடுக்க நேர்ந்தது என்பதை இந்த அத்தியாயம் பார்க்கிறது.

மூன்று வேலைகள், ஒரே பெயர்

சிக்கலின் வேர் சி மொழியில் இருக்கிறது. சி மொழியின் 'இன்ட்' வகை, அந்தக் கணினிக்கு எந்த அகலம் இயல்போ அந்த அகலத்தில் இருக்கும். அது பிறந்து வளர்ந்த பிடிபி-11 கணினியில் 16 பிட். பிறகு வந்த சி தரநிலை 'இன்ட்' குறைந்தது 16 பிட், 'லாங்' குறைந்தது 32 பிட் என்று கீழ்வரம்பை மட்டும் சொன்னது. மேலே எவ்வளவு என்பதைக் கம்பைலர் எழுதுபவர்களிடம் விட்டுவிட்டது.

64 பிட் செயலிகள் வந்தபோது இந்தச் சுதந்திரம் இரண்டு பாதைகளாகப் பிரிந்தது. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் 'லாங்' வகையையும் நினைவக முகவரியையும் 64 பிட்டாக்கின. இதற்கு எல்பி64 என்று பெயர். விண்டோஸ் முகவரியை மட்டும் 64 பிட்டாக்கி, பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று 'லாங்'கை 32 பிட்டிலேயே நிறுத்தியது, இது எல்எல்பி64. பைத்தான் 2-இன் 'இன்ட்' உள்ளுக்குள் சி மொழியின் 'லாங்'தான். அதனால் அதன் உச்ச எண்ணைக் கேட்டால் 64 பிட் லினக்ஸில் 9223372036854775807 என்று பதில் வரும். அதே செயலியில் 64 பிட் விண்டோஸை ஏற்றிக் கேட்டால் 2147483647 என்று வரும். நம்பை நூலகமும் இதே மரபைப் பின்பற்றியது. 2024-இல் வெளிவந்த நம்பை 2.0 வரும்வரை 64 பிட் விண்டோஸில் அதன் இயல்பு முழு எண் 32 பிட்டாகவே இருந்தது. லினக்ஸில் சரியாக வந்த ஒரு கூட்டுத்தொகை விண்டோஸில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எதிர்ம எண்ணாக மாற இது போதும்.

மறுவடிவமைப்பின் முதல் வேலை, 'முழு எண்' என்ற ஒரே பெயரின் கீழ் மொழி எத்தனை வேலைகளைப் பார்க்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. பெரும்பாலான மொழிகளில் மூன்று தேறும்.

முதலாவது, அளவு. கணக்கில் எத்தனை பைசா, ஊரில் எத்தனை பேர், காணொளியை எத்தனை முறை பார்த்தார்கள் என்பதெல்லாம் இதில் சேரும். இந்த எண்களுக்கும் கணினியின் பிட் அகலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டாவது, இடம். ஒரு பட்டியலில் எத்தனை உறுப்புகள், அதில் எத்தனையாவது உறுப்பு வேண்டும் என்பது. இது நினைவக முகவரியோடு நேரடியாகக் கட்டுண்டது. மூன்றாவது, பிட் கோலம். சிஆர்சி எண், வலைப்பின்னல் பொட்டலத்தின் தலைப்பகுதி, கோப்பு வடிவத்தின் ஒரு புலம் ஆகியவை. இங்கே அகலத்தை முடிவு செய்வது அந்த வடிவத்தை வரையறுத்த ஆவணம்.

அளவின் அகலத்தை மொழி தீர்மானிக்க வேண்டும். இடத்தின் அகலத்தைக் கணினி. கோலத்தின் அகலத்தை வடிவம். மூன்றையும் ஒரே வகைக்குள் திணித்த மொழிகள்தான் பிறகு அவற்றைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் உழைத்தன.

அளவு: பைத்தான் எடுத்துக்கொண்ட ஏழு ஆண்டுகள்

பைத்தானில் நெடுங்காலம் இரண்டு முழு எண் வகைகள் இருந்தன. 'இன்ட்' கணினியின் அகலத்தில் அடங்குவது. 'லாங்' நினைவகம் உள்ளவரை வளர்வது. 'லாங்' எண்ணின் வாலில் 'எல்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். 2.1 பதிப்பு வரை 'இன்ட்' எல்லையைத் தாண்டிக் கூட்டினால் நிரல் ஓவர்ஃப்ளோ பிழையோடு நின்றுவிடும். 2001-இல் மோஷே ஜட்காவும் மொழியை உருவாக்கிய கிடோ வான் ராசமும் எழுதிய 237ஆம் எண் முன்மொழிவு, இரண்டு வகைகளையும் ஒன்றாக்கச் சொன்னது.

அந்த முன்மொழிவில் கற்றுக்கொள்ள வேண்டியது அதன் படிவரிசை. ஆசிரியர்கள் வரப்போகும் மாற்றங்களை இரண்டு குவியல்களாகப் பிரித்தார்கள். முன்பு பிழை வந்த இடத்தில் இனி விடை வரும் என்பது ஒரு குவியல். முன்பு ஒரு விடை வந்த இடத்தில் இனி வேறு விடை வரும் என்பது அடுத்தது.

முதல் குவியலால் ஆபத்து குறைவு. பிழையோடு நின்ற நிரல் இனி ஓடும். ஓடிக்கொண்டிருந்த நிரலின் விடை மாறாது. அதனால் அதை 2001 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பிலேயே செய்துவிட்டார்கள். எல்லை தாண்டிய கூட்டல் தானாகவே 'லாங்' ஆனது.

இரண்டாவது குவியலில் எச்சரிக்கை தேவைப்பட்டது. 32 பிட் கணினியில் 1 என்ற எண்ணை 32 இடங்கள் இடப்பக்கம் நகர்த்தினால் பழைய பைத்தான் 0 என்று விடை தரும். ஒரே ஒரு பிட் விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டது. புதிய விதிப்படி விடை 4294967296. பதினாறடிமான முறையில் எட்டு 'எஃப்' எழுத்துகளை எழுதினால் 32 பிட் கணினியில் -1 என்று வந்தது. புதிய விதிப்படி 4294967295. இந்த நடத்தைகளை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே 2003-இல் வந்த 2.3 பதிப்பு பழைய விடையையே கொடுத்து, 'இது மாறப்போகிறது' என்று எச்சரித்தது. 2004-இல் வந்த 2.4 விடையை மாற்றியது. 'லாங்' என்ற பெயரும் வாலில் தொங்கிய எழுத்தும் 2008 டிசம்பரில் 3.0 வந்தபோதுதான் மறைந்தன.

ரூபி மொழியும் இதே ஊருக்கு வேறு வழியில் வந்தது. அதில் சிறிய எண்ணுக்கு 'ஃபிக்ஸ்நம்', பெரிய எண்ணுக்கு 'பிக்நம்' என்று இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே மாறிக்கொள்ளும். எந்த எண்ணில் மாறும் என்பது கணினிக்குக் கணினி வேறுபட்டது. அந்த உள்விவரம் வகுப்பின் பெயராக வெளியே தெரிந்ததுதான் குறை. 2016 டிசம்பரில் வந்த 2.4 பதிப்பு இரண்டையும் 'இன்டிஜர்' என்ற ஒரே வகுப்புக்குள் கொண்டுவந்தது. பழைய பெயர்கள் முற்றிலும் நீங்கியது 2022-இன் 3.2 பதிப்பில்.

எல்லையற்ற எண்ணுக்குச் செலவும் உண்டு. அதை மறைக்காமல் கணக்கில் எழுத வேண்டும். பைத்தான் 3.0 பதிப்பு பைஸ்டோன் வேகச் சோதனையில் 2.5-ஐவிடச் சுமார் 10 சதவீதம் மெதுவாக ஓடியது. சிறிய எண்களுக்கென இருந்த தனி ஏற்பாடு நீங்கியதே பெரும்பாலும் காரணம் என்று அந்தப் பதிப்பின் அறிமுகக் குறிப்பே ஒத்துக்கொண்டது. 64 பிட் கணினியில் பைத்தான் 2-இன் சாதாரண 'இன்ட்' 24 பைட் எடுத்தது. பைத்தான் 3-இல் 1 என்ற எண் 28 பைட் எடுக்கிறது. இழந்த வேகத்தைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். 3.1 பதிப்பில் எண்களை 15 பிட் துண்டுகளாக வைப்பதற்குப் பதிலாக 30 பிட் துண்டுகளாக வைக்க வழி செய்தார்கள். -5 முதல் 256 வரையிலான எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்துக் கொடுக்கும் பழைய வழக்கமும் தொடர்கிறது.

எல்லையில்லை என்று சொன்ன இடத்திலும் ஒரு எல்லை பிறகு வந்தது. இலக்க வரிசையை எண்ணாக மாற்றும் முறை, இலக்கங்கள் இரட்டிப்பானால் நான்கு மடங்கு நேரம் கேட்பது. இணையத்திலிருந்து ஒருவர் லட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பினால் சர்வர் அந்த ஒரே எண்ணில் திணறிப்போகும். 2022 செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இந்த மாற்றத்துக்கு 4300 இலக்கம் என்ற இயல்பு வரம்பை வைத்தன. பதினாறடிமானம் போல இரண்டின் அடுக்கான அடிமானங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. அங்கே நேரம் இலக்கங்களின் எண்ணிக்கையோடு சீராகத்தான் கூடுகிறது. எல்லையற்ற எண்ணைத் தேர்ந்தெடுக்கும் மொழி, வெளியுலகிலிருந்து எண் உள்ளே வரும் வாசலில் ஒரு வரம்பை முதல் நாளிலேயே வைத்துவிடுவது நல்லது.

எதிர்த்திசையில் நடந்த மொழியும் உண்டு. டார்ட் மொழியின் முதல் பதிப்பில், அதன் மெய்நிகர் இயந்திரத்தில் முழு எண்ணுக்கு எல்லை இல்லை. 2018-இல் வந்த டார்ட் 2 அதை 64 பிட்டுக்குள் நிறுத்தியது. கைப்பேசிச் செயலிகளுக்காக முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு, ஒவ்வொரு கூட்டலிலும் 'இது வளருமா' என்று பார்ப்பது சுமையாக இருந்தது. பைத்தானும் டார்ட்டும் வெவ்வேறு முடிவெடுத்தாலும் இரண்டுமே வடிவமைப்பாளர்கள் யோசித்து எடுத்தவை. அளவுக்கு அகலம் வைப்பதில் தவறில்லை. அது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுவதில்தான் தவறு இருக்கிறது.

இடம்: கணினியின் வரம்பை ஒப்புக்கொள்வது

அளவு எண்ணிலிருந்து கணினியை வெளியேற்றிய அதே வேகத்தில் இட எண்ணிலிருந்தும் வெளியேற்றப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதை முகவரிவெளிதான் தீர்மானிக்கிறது. இங்கே கணினியின் வரம்பை மறைக்காமல் தெளிவாகப் பெயரிட்டு வைக்க வேண்டும்.

பைத்தான் 3-இல் இதை நேரிலேயே பார்க்கலாம். 0 முதல் 2-இன் 63ஆம் அடுக்கு வரை ஓடும் 'ரேஞ்ச்' ஒன்றை உருவாக்கச் சொன்னால் பைத்தான் முனகாமல் உருவாக்கித் தரும். அதன் நீளம் என்ன என்று 'லென்' சார்பிடம் கேட்டால் ஓவர்ஃப்ளோ பிழை எழும்: சி மொழியின் நீள வகைக்குள் இந்த எண் அடங்கவில்லை என்பது அதன் சாரம். எண்ணுக்கு எல்லையில்லை, நீளத்துக்கு உண்டு. 'மேக்ஸ்இன்ட்' என்ற பழைய பெயர் 3.0-இல் நீக்கப்பட்டு, 'மேக்ஸ்சைஸ்' என்ற பெயர் மட்டும் நிற்பதும் இதனால்தான். ஒரு தளத்தில் ஒரு பட்டியல் எவ்வளவு நீளலாம் என்பதை அது சொல்கிறது. ஓர் எண் எவ்வளவு பெரிதாகலாம் என்பதைச் சொல்வதில்லை.

இந்த நீள வகையைச் சீராக்கியது தனிக் கதை. 2.4 வரை பைத்தானின் உட்பகுதி பட்டியல் நீளத்தைச் சி மொழியின் 'இன்ட்'டில் வைத்தது. 64 பிட் கணினியில் எத்தனை ஜிகாபைட் நினைவகம் இருந்தாலும் ஒரு பட்டியல் 2,14,74,83,647 உறுப்புகளைத் தாண்ட முடியாது. மார்ட்டின் வான் லோவிஸ் எழுதிய 353ஆம் முன்மொழிவு 2006-இல் வந்த 2.5 பதிப்பில் இதை முகவரி அகலத்துக்கு மாற்றியது. மொழியின் பயனருக்கு இது தெரியவே தெரியாது. சி மொழியில் துணைத்தொகுதி எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அவர்கள் 'இன்ட்' மாறியின் முகவரியைக் கொடுத்து நீளத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த நான்கு பைட் இடத்தில் எட்டு பைட் எழுதினால் பக்கத்திலிருக்கும் மாறி அழியும். அதனால், புதிய அகலம் வேண்டுபவர்கள் தங்கள் கோப்பின் தலையில் ஒரு வரியை எழுதி ஒப்புதல் தெரிவிக்க வேண்டும், எழுதாதவர்களுக்குப் பழைய 'இன்ட்' என்று விட்டுவைத்தார்கள். அந்த ஒப்புதல் வரி கட்டாயமானது 2021-இல் வந்த 3.10 பதிப்பில். ஒரு மாறியின் அகலத்தை நான்கு பைட்டிலிருந்து எட்டு பைட்டுக்கு மாற்றி முடிக்க 15 ஆண்டுகள்.

ஜாவா 1990களின் நடுவில் துணிந்து ஒரு முடிவெடுத்தது: 'இன்ட்' எங்கும் 32 பிட், 'லாங்' எங்கும் 64 பிட். அளவுக்கு அது பெரிய வரம். ஆனால் அரேயின் இட எண்ணையும் 'இன்ட்' என்றே வரையறுத்துவிட்டதால், சர்வரில் எவ்வளவு நினைவகம் வந்தாலும் ஒரு அரேயின் நீளம் அந்த 214 கோடிச் சொச்சத்தோடு நிற்கிறது. 2006-இல் ஜோஷுவா பிளாக் எழுதிக் காட்டிய பிழையும் இதே வரம்பின் விளிம்பில்தான் இருந்தது. ஜாவா நூலகத்தின் இருகூற்றுத் தேடலில் நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். அரேயில் சுமார் 107 கோடி உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை 'இன்ட்'டைத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். தேடல் அரேக்கு வெளியே போய் விழும். கீழ் எண்ணோடு இடைவெளியில் பாதியைக் கூட்டுவது அதற்கு மருந்து.

கோ மொழியின் அனுபவம் இன்னொரு பாடம். அதன் 1.0 பதிப்பில் 64 பிட் கணினியிலும் 'இன்ட்' 32 பிட்டாகவே இருந்தது. 2013-இல் வந்த 1.1 பதிப்பு அதை 64 பிட்டாக்கியது. மொழியின் வரையறை, 'இன்ட்' 32 பிட்டாகவோ 64 பிட்டாகவோ இருக்கலாம் என்று தொடக்கத்திலேயே இடம் விட்டிருந்தது. அதனால் வாக்குறுதி எதையும் மீறாமல் மாற்ற முடிந்தது. 200 கோடிக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கொண்ட ஸ்லைஸ்களும் சாத்தியமாயின.

பெயர் வைப்பதில் ரஸ்ட் குழு காட்டிய அக்கறை தனியாகச் சொல்லத்தக்கது. 1.0 வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பு வரை ரஸ்டில் முகவரி அகல எண்ணுக்கு 'இன்ட்' என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்தவர்கள் இதுதான் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டிய வகை என்று எடுத்துக்கொண்டு, எல்லா அளவுகளுக்கும் அதையே எழுதினார்கள். 2015 ஜனவரியில் அதை 'ஐசைஸ்' என்றும், குறியற்றதை 'யூசைஸ்' என்றும் மாற்றினார்கள். பெயரிலேயே 'சைஸ்' வந்ததால், இது நினைவக அளவோடு தொடர்புடையது என்று எழுதும்போதே தெரிகிறது. வகை சொல்லாமல் எழுதப்படும் எண் 32 பிட் குறியுள்ள எண்ணாகக் கொள்ளப்படும் என்பதையும் தனியே வரையறுத்தார்கள். நிலையான பதிப்பு வருவதற்கு முன்பே செய்ததால் இந்த மாற்றம் சில வாரங்களில் முடிந்தது.

கோலம்: அகலத்தைப் பெயரிலேயே சொல்வது

கோப்பிலும் கம்பியிலும் போகும் எண்ணுக்கு அகலம் பெயரிலேயே இருக்க வேண்டும். 1999-இன் சி தரநிலை 8, 16, 32, 64 என்று அகலத்தைப் பெயரில் சுமந்த வகைகளைத் தந்தது இதற்காகத்தான்.

இதில் சறுக்குவது எவ்வளவு எளிது என்பதைப் பைத்தானின் 'ஸ்ட்ரக்ட்' தொகுதி காட்டும். எண்ணைப் பைட்டுகளாக அடுக்கித் தரும் தொகுதி அது. 'லாங்' என்பதற்கான ஒற்றை எழுத்தை மட்டும் கொடுத்து அடுக்கச் சொன்னால் 64 பிட் லினக்ஸில் எட்டு பைட் வரும், விண்டோஸில் நான்கு பைட் வரும். எழுத்துக்கு முன்னால் பைட் வரிசையைச் சொல்லும் குறியைச் சேர்த்துவிட்டால், சிறியது, பெரியது என எந்தக் குறியானாலும் எங்கும் நான்கு பைட்தான். குறியைத் தவறவிட்டால் கிடைப்பது கணினியின் அகலம். இயல்பு அப்படி அமைந்திருக்கிறது. புதிதாக வடிவமைப்பவர் இதைத் தலைகீழாக வைக்கலாம்: இயல்பில் நிலையான அகலம், கணினியின் அகலம் வேண்டுபவர் கேட்டுப் பெறட்டும்.

காலத்தைக் குறிக்கும் எண் இந்த வகைப்பாட்டில் தடம் மாறிய ஒன்று. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள் என்பது அளவுதான். அது 32 பிட் அமைப்புகளில் கணினியின் அகலத்துக்குள் அடைபட்டு, பிறகு கோப்பு வடிவங்களுக்குள்ளும் போய் உறைந்தது. 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு அந்த எண் நிரம்புகிறது. டெபியன் திட்டம் 2024-இல் தன் 32 பிட் ஏஆர்எம் தொகுப்புகளை 64 பிட் கால எண்ணுக்கு மாற்றியபோது, அந்த வகையைத் தொட்ட நூலகங்களையெல்லாம் பெயர் மாற்றி மீண்டும் கட்டவேண்டியிருந்தது. பொது இடைமுகத்தில் ஒருமுறை ஏறிவிட்ட அகலத்தை இறக்குவது அவ்வளவு கடினம்.

நிரம்பி வழியும்போது

நிலையான அகலத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அடுத்த கேள்வி: எல்லை தாண்டினால் என்ன செய்வது? ஜாவாவும் கோவும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுவது போல, சுற்றிவந்து மறுமுனையில் தொடங்கும். சி மொழியில் குறியுள்ள எண் வழிந்தால் நடப்பதற்கு வரையறையே இல்லை. அப்படி ஒன்று நடக்காது என்று எடுத்துக்கொண்டு கம்பைலர் நிரலைச் சுருக்கலாம். நிரலாளர் எழுதிய சோதனையே அதில் காணாமல் போவதுண்டு. பிஎச்பி தசம எண்ணாக மாற்றும்; கடைசி இலக்கங்கள் சொல்லாமல் கரையும். ஸ்விஃப்ட் நிரலை நிறுத்திவிடும். சுற்றிவர வேண்டும் என்பவர்கள் கூட்டல் குறிக்கு முன் ஒரு சிறப்புக் குறியைச் சேர்க்க வேண்டும். ரஸ்ட், சோதனைக் கட்டத்தில் நிறுத்தும், வெளியீட்டுக் கட்டத்தில் இயல்பாகச் சுற்றிவிடும்.

நிறுத்துவதே பாதுகாப்பு என்று தோன்றும். ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் அதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய அது 40 விநாடிக்குள் திசைமாறி வெடித்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றிய இடத்தில் எல்லை தாண்டியது. அந்த மென்பொருள் ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது; அந்த ராக்கெட்டில் இவ்வளவு பெரிய எண் வர வழியே இல்லை. நிரல் எழுதப்பட்ட அடா மொழி வழிதலைச் சரியாகவே கண்டுபிடித்துப் பிழை எழுப்பியது. அந்தப் பிழையை ஏற்றுக் கையாள அந்த இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை. திசைகாட்டும் கணினி நின்றது. அதே மென்பொருளோடு காத்திருந்த மாற்றுக் கணினியும் அதே காரணத்தால் நின்றது.

மொழி வடிவமைப்பாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: இயல்பு நடத்தை ஒன்று போதாது, ஒவ்வொரு கணக்கிலும் வேறு நடத்தையைக் கேட்க வழி வேண்டும். ரஸ்ட் இதைப் பெயர்களாலேயே செய்கிறது. வழிந்ததா என்று பார்த்து விடையோ வெறுமையோ தருவது, உச்சத்தில் நின்றுவிடுவது, சுற்றிவருவது என்று கூட்டலுக்கு மட்டுமே தனித்தனிச் சார்புகள். ஜாவாவும் 2014-இன் 8ஆம் பதிப்பில், வழிந்தால் பிழை எழுப்பும் கூட்டல் பெருக்கல் சார்புகளைச் சேர்த்தது. அகலம் குறையும் மாற்றங்களுக்கும் இதே தேர்வுகள் வேண்டும். ஏரியான் விழுந்தது கூட்டலில் அன்று, வகை மாற்றத்தில்.

மொழியின் எல்லைக்கு வெளியே

மொழிக்குள் எல்லாம் சீரானாலும் எண் வெளியே போகும். ஜாவாஸ்கிரிப்டில் எல்லா எண்களும் 64 பிட் தசம எண்களாக இருந்ததால் 9007199254740991-க்கு மேல் முழு எண்கள் துல்லியத்தை இழக்கின்றன. ட்விட்டர் 2010-இல் தன் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது, ஜேசான் வழியாக அதே எண்ணை எழுத்து வரிசையாகவும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. 2020-இன் தரநிலை 'பிக்இன்ட்' என்ற எல்லையற்ற வகையைச் சேர்த்தது. அதையும் சாதாரண எண்ணையும் ஒரே கூட்டலில் போட்டால் பிழை வரும். அதை ஜேசானாக மாற்றச் சொன்னாலும் பிழை வரும். பைத்தான் போல ஒன்றாக்க ஜாவாஸ்கிரிப்டுக்கு வழியில்லை. உலகின் பழைய வலைப்பக்கங்கள் எல்லாம் அதே விடைகளோடு ஓடியாக வேண்டும். ஆகவே இரண்டு வகைகளையும் கலக்கவிடாமல் வேலி போட்டார்கள். மௌனமாகத் துல்லியம் கரைவதைவிட உரக்க எழும் பிழை மேல் என்பது அவர்கள் முடிவு.

வடிவமைப்புக் குழு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம்: ஜேசான், தரவுத்தளம், சி இடைமுகம், கோப்பு, வலைப்பின்னல். ஒவ்வொன்றிலும் எண் வெளியே போகும்போது அடங்காவிட்டால் என்ன நடக்கும், உள்ளே வரும்போது அளவுக்கு மீறியிருந்தால் என்ன நடக்கும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். எழுத முடியாத வரி எதுவோ, அங்கேதான் இன்னும் முடிவெடுக்கப்படவில்லை.

சோதனையும் மாற்றக் கருவியும்

சோதனைக்கு எடுக்க வேண்டிய எண்கள் அதிகம் இல்லை. 0, 1, -1. 2-இன் 15, 16, 31, 32, 53, 63, 64ஆம் அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறைவும் ஒன்று கூடுதலும். பிறகு இவற்றின் எதிர்ம எண்கள். மிகச் சிறிய குறியுள்ள எண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 32 பிட்டில் -2147483648 என்பதன் குறியை மாற்றினால் வரவேண்டிய எண் அந்த அகலத்தில் இல்லவே இல்லை. அதை -1-ஆல் வகுக்கும்போதும் இதே கதை. இந்தச் சோதனைகளை 64 பிட் லினக்ஸ், 64 பிட் விண்டோஸ், ஏதாவது ஒரு 32 பிட் அமைப்பு ஆகிய மூன்றிலும் ஓட்டி, விடைகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறுபடும் விடை ஒவ்வொன்றும் இட எண்ணைப் பற்றியதாக இருந்தால் ஏற்கலாம். அளவு எண்ணிலோ கோலத்திலோ வேறுபாடு வந்தால் வெளியீட்டை நிறுத்தி வைப்பதே சரி.

பழைய நிரல்களை மாற்ற ஒரு கருவியும் உடன் போக வேண்டும். பைத்தானின் 2டூ3 கருவி 'லாங்' என்ற பெயரையும் வாலிலிருந்த எழுத்தையும் தானாகவே மாற்றிக் கொடுத்தது. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய மாற்றங்களுக்கு அது போதும். சிஆர்சி எண்ணை எதிர்ம எண்ணாக எதிர்பார்த்து எழுதிய ஒப்பீட்டை எந்தக் கருவியாலும் அடையாளம் காண முடியாது. நிரலின் எழுத்து மாறுவதில்லை, விடை மட்டும் மாறுகிறது. அப்படிப்பட்ட சார்புகளைக் கையால் தேடி, வெளியீட்டுக் குறிப்பில் தனித் தலைப்பின் கீழ், பழைய விடையையும் புதிய விடையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். அதோடு பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே விடை தரும் எழுத்துமுறை ஒன்றையும் காட்ட வேண்டும். சிஆர்சிக்கு அப்படி ஒன்று இருந்தது: வந்த எண்ணை 4294967295-உடன் பிட்டுக்குப் பிட் 'அண்ட்' செய்தால், எந்தப் பதிப்பானாலும் எந்தத் தளமானாலும் 3421780262 கிடைக்கும். பைத்தானின் ஆவணமும் அதையே பரிந்துரைத்தது.